தாமரைக்கு எண்ணிக்கை... மல்லிகைக்குத் தராசு... உங்களுக்கு?

கன்னியாகுமரி மாவட்டத்தில் தோவாளை என்று ஓர் ஊர் இருக்கிறது. நாகர்கோவிலில் இருந்து திருநெல்வேலிக்குப் போகிற சாலையில், ஆரல்வாய்மொழிக்கு முன்னால் வரும். பஸ்ஸில் நன்றாகத் தூங்கிக்கொண்டு போனால்கூட, ஊர் வந்துவிட்டது என்பதை உங்கள் மூக்கு சொல்லிவிடும். அவ்வளவு பூ!

நீங்கள் பல் தேய்க்க எழுந்திருப்பதற்கு முன்பே அங்கே வியாபாரம் சூடு பிடித்துவிடும். பிச்சி, மல்லிகை, சம்பங்கி, அரளி, கேந்தி, கோழிக்கொண்டை, கனகாம்பரம், மரிக்கொழுந்து, துளசி... மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். ஓணம் பண்டிகை நெருங்கிவிட்டால் கேரளத்து வியாபாரிகள் வண்டி வண்டியாக வந்துவிடுவார்கள். அப்போது சந்தைக்கு ராத்திரியும் கிடையாது, பகலும் கிடையாது. அரளிப் பூவையும் நொச்சி இலையையும் மடித்து, மாணிக்கக் கல் பதித்த மாதிரி இந்த ஊர்க்காரர்கள் கட்டும் மாணிக்க மாலைக்கு 2025ஆம் ஆண்டு புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

சரி, பூவைப் பற்றிப் பேசவா கூப்பிட்டேன்? இல்லை. விமானத்தைப் பற்றிப் பேசப் போகிறோம். ஆனால் அதற்கு முன்னால் சந்தையில் ஒரே ஒரு விஷயத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

மல்லிகை, பிச்சி, அரளி எல்லாம் தராசில் ஏறும். கிலோ இவ்வளவு என்று விலை. ஆனால் தாமரை தராசில் ஏறாது! 100 தாமரை இவ்வளவு என்று எண்ணித்தான் கொடுப்பார்கள். ஒரு தாமரை கொஞ்சம் பெரிதாக இருக்கும். இன்னொன்று கொஞ்சம் சிறிதாக இருக்கும். 100 பூவைச் சேர்த்துப் பார்த்தால் ஏறக்குறைய ஒரே அளவுதான் வரும். ஒவ்வொன்றையும் எடை போட்டு நேரத்தை வீணாக்குவானேன்? எண்ணிவிட்டால் வேலை முடிந்தது.

இப்போது தோவாளையில் இருந்து சுமார் 80 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குப் போவோம், வாருங்கள். தோவாளைப் பூக்கள் வளைகுடா நாடுகளுக்கு விமானம் ஏறுவதும் அங்கேதான். துபாயில் இருந்து வரும் மாமாவை வரவேற்க நீங்களும் அங்கே ஒரு முறை போயிருக்கலாம்.

மாமா திரும்பிப் போகும் நாளை நினைத்துப் பாருங்கள். அவருடைய பெட்டியைத் தராசில் வைப்பார்கள். அம்மா கொடுத்த ஊறுகாய், பாட்டி கொடுத்த நேந்திரங்காய் சிப்ஸ், முறுக்கு எல்லாம் சேர்ந்து எண் ஏறிக்கொண்டே போகும். அளவு தாண்டிவிட்டால் அங்கேயே பெட்டியைத் திறந்து, எதை எடுப்பது எதை விடுவது என்று ஒரு பஞ்சாயத்து நடக்கும். பக்கத்தில் பூப் பெட்டிகளையும் சரக்குப் பிரிவில் எடை போடுவார்கள்.

ஆனால் மாமாவை? அவரை யாராவது தராசில் ஏறச் சொன்னார்களா? இல்லையே!

ஆமாம். பெட்டி மல்லிகை மாதிரி... நிறுத்துப் பார்க்கிறார்கள். மாமா தாமரை மாதிரி... எண்ணிவிட்டு விடுகிறார்கள்!

ஒரு பிறந்த நாளில் 40 கிலோ!

எண்ணினால் போதுமா, எடை தெரிய வேண்டாமா என்று கேட்பீர்கள். கட்டாயம் தெரிய வேண்டும். அதனால்தான் ஆளுக்கு இவ்வளவு எடை என்று ஓர் உத்தேசக் கணக்கை முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறார்கள். நம் நாட்டில் இந்த வேலையைப் பார்ப்பது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம். டி.ஜி.சி.ஏ. என்று செய்திகளில் கேட்டிருப்பீர்கள். அது வகுத்த விதியில் பெரியவர் ஒருவருக்கு 75 கிலோ, இரண்டு முதல் 12 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு 35 கிலோ, இரண்டு வயதுக்கு உட்பட்ட கைக்குழந்தைக்கு 10 கிலோ என்று குறித்தார்கள்.

இதில் ஒரு வேடிக்கை பார்த்தீர்களா? உங்களுடைய 12ஆவது பிறந்த நாளுக்கு முந்தின நாள் விமானத்தில் ஏறினால் காகிதத்தில் உங்கள் எடை 35 கிலோ. மறுநாள் கேக் வெட்டிவிட்டு ஏறினால் 75 கிலோ! ஒரே ராத்திரியில் 40 கிலோ கூடிவிட்டது. அந்தக் கேக் எந்தக் கடையில் வாங்கினது என்று யாராவது கேட்கப் போகிறார்கள்.

ஐரோப்பாவில் பெரிய விமானங்களுக்கு வைத்த கணக்கு வேறு. அங்கே பெரியவர் ஒருவருக்குக் கைப்பையோடு சேர்த்து 84 கிலோ. பிள்ளைகளுக்கு அங்கேயும் 35 கிலோதான். அமெரிக்காவில் இன்னும் வேடிக்கை. கோடை காலத்துக்கு ஓர் எடை, குளிர்காலத்துக்கு ஓர் எடை என்று வைத்தார்கள். குளிர்காலத்தில் ஆளுக்கு ஐந்து பவுண்டு, அதாவது இரண்டேகால் கிலோ அதிகம். ஏன் தெரியுமா? கம்பளிக் கோட்டும், கனத்த பூட்ஸும் போட்டுக்கொண்டு வருவார்களே! நம் ஊரில் மார்கழிக் குளிருக்குக் காதில் ஒரு மஃப்ளர் சுற்றுவதோடு சரி.

எடை எதற்கு இவ்வளவு முக்கியம்?

விமானம் ஓடுபாதையில் எவ்வளவு வேகம் எடுத்தால் மேலே எழும்பும் என்பதை விமானி முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்திருப்பார். கனம் கூடினால் வேகமும் கூட வேண்டும். அந்த வேகத்தை எட்ட நீளமான ஓடுபாதை வேண்டும், எஞ்சினும் அதிகமாக உழைக்க வேண்டும். கனத்தைக் குறைவாக நினைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், இன்னும் தயாராகாத விமானத்தை மேலே தூக்கப் பார்ப்பார்.

180 பேர் உட்காரும் விமானத்தில் ஆளுக்கு 75 கிலோ என்றால் மொத்தம் 13,500 கிலோ. பதின்மூன்றரை டன்! அந்த மாதிரி விமானம் ஆட்கள், பெட்டிகள், எரிபொருள் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 79 டன் வரைக்கும் எடையோடு பறக்கும். அதில் ஆறில் ஒரு பங்கு மனிதர்கள்தான். அதுவும் யாரும் தராசில் வைத்துப் பார்க்காத பங்கு.

மொத்த எடை சரியாக இருந்தால் மட்டும் போதாது. அது எங்கே இருக்கிறது என்பதும் தெரிய வேண்டும். தோவாளைச் சாலையில் டி.வி.எஸ். 50 வண்டியில் பூ மூட்டை கட்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? பின்னால் மூட்டைக்கு மேல் மூட்டை ஏற்றிவிட்டு மேட்டில் ஏறினால், முன் சக்கரம் லேசாகித் தூக்கப் பார்க்கும். ஓட்டுகிறவர் உடம்பை முன்னுக்குச் சாய்த்துக்கொள்வார். காலுக்கு நடுவில் ஒரு மூட்டையை வைத்துக்கொண்டால் வண்டி ஒழுங்காகிவிடும். மூட்டை அதே மூட்டை, எடை அதே எடை. இடம் மட்டும் மாறியிருக்கிறது.

விமானமும் அப்படித்தான். வால் பக்கம் கனம் மிஞ்சினால் மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும். டி.வி.எஸ். 50 ஓட்டுகிறவர் காலை ஊன்றிக்கொள்ளலாம். வானத்தில் எங்கே காலை ஊன்றுவது? அதனால் முன் பக்க அறையில் எத்தனை பெட்டி, பின் பக்க அறையில் எத்தனை பெட்டி, எந்தெந்த வரிசையில் எத்தனை பேர் என்று எல்லாவற்றையும் எழுதி, கனத்தின் நடுப்புள்ளி எங்கே விழுகிறது என்று கணக்குப் பார்ப்பார்கள். அந்தத் தாளை விமானி சரிபார்த்து ஏற்றுக்கொண்ட பிறகுதான் விமானம் நகரும்.

இதே பூப் பெட்டிக்கு விமானத்தில் இரண்டு எடை உண்டு என்று சொன்னால் நம்புவீர்களா? பூ பார்க்கப் பெரிது, தூக்கினால் லேசு. உண்மை எடைக்கு மட்டும் காசு வாங்கினால், இடத்தை எல்லாம் அடைத்துக்கொண்டு பூ சும்மா போய்விடும். அதனால் ஒரு பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி, அதை 6,000 ஆல் வகுத்து, வருவதைக் கிலோவாக வைத்துக்கொள்வது விமானச் சரக்கு வழக்கம். 60 சென்டிமீட்டர் நீளம், 50 அகலம், 40 உயரம் உள்ள பெட்டி என்றால் 20 கிலோவுக்குக் காசு! உள்ளே எட்டுக் கிலோ பூதான் இருந்தாலும் சரி. ஆனால் விமானியிடம் போகும் தாளில் அந்த எட்டுக் கிலோதான் ஏறும். காசுக்கு ஒரு பொய் எடை இருக்கலாம். பறப்பதற்கு இருக்கக் கூடாது.

பள்ளிப் பையில் ஒரு சோதனை

அப்படியென்றால் மனிதர்களுக்கு மட்டும் உத்தேச எடை போதும் என்று எந்தத் தைரியத்தில் விட்டார்கள்? இதைப் புரிந்துகொள்ள விமானம் வேண்டாம். உங்கள் வகுப்பே போதும்.

உங்கள் வகுப்பில் 40 பேர் என்று வைத்துக்கொள்வோம். பள்ளிப் பை ஒன்றின் எடை சராசரியாக 5 கிலோ. இப்போது கண்ணை மூடிக்கொண்டு இரண்டு பைகளை எடுங்கள். 10 கிலோ இருக்க வேண்டும். ஆனால் அந்த இரண்டும், எல்லாப் பாடப் புத்தகத்தையும் தினமும் சுமந்து வரும் இரண்டு பேருடைய பைகளாக இருந்துவிட்டால்? 14 கிலோ வந்துவிடும். உத்தேசம் எங்கேயோ, உண்மை எங்கேயோ!

40 பைகளையும் ஒரே வண்டியில் ஏற்றுங்கள். அந்த இரண்டு பேருடைய பைகள் கனம்தான். ஆனால் ஒரு நோட்டு, ஒரு பேனாவோடு வரும் புத்திசாலிகளும் அதே வகுப்பில் இருக்கிறார்களே! இங்கே கூடியது அங்கே குறைந்துவிடும். மொத்தம் 200 கிலோவுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். கூட்டம் பெரிதாக ஆக, உத்தேசம் உண்மையை நெருங்கும். 180 பேர் போகும் விமானத்தில் எடை போடாமல் விடுவது இந்தத் தைரியத்தில்தான்.

இந்தத் தைரியம் ஒரே ஒரு சமயத்தில் பலிக்காது. நாளைக்கு அறிவியல் கண்காட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் ஒரு கிலோ மாடல் ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு வருகிறீர்கள். இப்போது கூடுவதும் குறைவதும் ஒன்றை ஒன்று சரிக்கட்டுமா? கட்டாது! எல்லோருமே ஒரே பக்கம் தப்பாகிவிட்டார்களே. 40 பைக்கு 40 கிலோ அப்படியே கூடிவிடும். கூட்டம் எவ்வளவு பெரிதோ, தப்பும் அவ்வளவு பெரிது.

(பை எடையை மட்டும் சோதித்துப் பாருங்கள், குட்டீஸ். நண்பர்களை எடை மெஷினில் ஏற்றிக் கேலி செய்தால் நான் பொறுப்பில்லை. உங்கள் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பை இருக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் பள்ளிப் பைக் கொள்கை சொல்கிறது. உங்கள் பை எப்படி?)

இரண்டு பைக் கதையும், கண்காட்சிக் கதையும் ஒன்றாகச் சேர்ந்து ஒரு நாள் வானத்தில் நடந்தது.

37 விநாடிகள்

2003ஆம் ஆண்டு ஜனவரி 8. அமெரிக்காவில் சார்லட் நகர விமான நிலையம். ஏர் மிட்வெஸ்ட் நிறுவனத்தின் ஒரு குட்டி விமானம் புறப்பட்டது. பீச்கிராஃப்ட் 1900டி வகை. 19 பயணிகள், இரண்டு விமானிகள். அவ்வளவுதான் கொள்ளும், நம் ஊர் வேன் மாதிரி.

புறப்பட்டதும் விமானத்தின் மூக்கு மேலே தூக்கியது. விமானிகள் கீழே அழுத்தினார்கள். மூக்கு இறங்கவில்லை. இன்னும் தூக்கியது. 37 விநாடிகளில் விமான நிலையத்துக் கொட்டகை ஒன்றின் மீது விமானம் விழுந்துவிட்டது. 21 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

விசாரித்தவர்கள் இரண்டு தவறுகளைக் கண்டுபிடித்தார்கள். சில நாள்களுக்கு முன்பு பழுது பார்த்தபோது, மூக்கைக் கீழே இறக்க உதவும் வால் பகுதிக் கம்பியை அளவு தப்பாக முடுக்கியிருந்தார்கள். அதனால் விமானிகளால் முழு அளவுக்கு அழுத்த முடியவில்லை. அது ஒன்று. இன்னொன்று, வால் பக்கம் கனம் அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தது. காகிதத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது! விமானிகள் சட்டப்படி கொடுக்கப்பட்ட உத்தேச எடையைத்தான் போட்டுக் கணக்குப் பார்த்தார்கள். ஆனால் அந்த உத்தேச எடை பழைய எடை. அதை எழுதி வைத்த பிறகு அந்த நாட்டு மக்கள் பருத்துவிட்டார்கள். பைகளும் பருத்துவிட்டன. பட்டியல் மட்டும் பருக்கவில்லை.

பெரிய விமானம் என்றால் இந்த வித்தியாசத்தைத் தாங்கியிருக்கலாம். ஆளுக்கு 10 கிலோ தப்பாகிவிட்டால் 19 பேருக்கு 190 கிலோ. அந்தக் குட்டி விமானம் தூக்கும் மொத்த எடையே எட்டு டன்னுக்கும் குறைவு. போதாக்குறைக்கு, அதில் பெட்டிகள் வைக்கும் அறை வால் பக்கத்தில் இருந்தது. இரண்டு தவறுகளில் எது பெரியது என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை. ஒன்றாவது இல்லாமல் இருந்திருந்தால் அந்த 21 பேரும் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கலாம்.

உடனே அமெரிக்க அரசு, சிறிய விமானங்களை ஓட்டும் நிறுவனங்களைக் கூப்பிட்டு, உண்மையான பயணிகளை எடை போட்டுப் பார்க்கச் சொன்னது. பட்டியல் தப்பு என்பது தெரிந்தது. அந்த ஆண்டே ஆளுக்கு 10 பவுண்டு, அதாவது நாலரைக் கிலோ கூட்டினார்கள். பயணி ஒருவருக்குக் கைப்பையோடு கோடையில் 190 பவுண்டு, குளிர்காலத்தில் 195 பவுண்டு என்று ஆனது. பெட்டி ஒன்றுக்கு 25 பவுண்டாக இருந்தது 30 பவுண்டு ஆனது.

நீங்கள் மிஸ்ஸா, குழந்தையா?

பட்டியல் சரியாக இருந்தாலும் கம்ப்யூட்டர் குழப்பிவிடலாம். இது 2020ஆம் ஆண்டு நடந்தது. பயப்படாதீர்கள், இதில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஜூலை 21ஆம் தேதி, இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் இருந்து ஸ்பெயினின் மயோர்க்கா தீவுக்கு டூயி நிறுவனத்தின் விமானம் ஒன்று கிளம்பியது. பயணிகள் பட்டியலில் சில பெண்களின் பெயருக்கு முன்னால் 'மிஸ்' என்று இருந்தது. கல்யாணம் ஆகாத பெண் என்று அர்த்தம். பெரிய அக்காக்கள்தான். ஆனால் கம்ப்யூட்டர் மென்பொருளை எழுதிய நாட்டில் 'மிஸ்' என்றால் சின்னப் பெண் குழந்தை என்று பழக்கம்! கம்ப்யூட்டர் அந்த அக்காக்கள் 38 பேரையும் குழந்தைகள் கணக்கில் சேர்த்துவிட்டது. 69 கிலோ போட வேண்டிய இடத்தில் ஆளுக்கு 35 கிலோ போட்டது.

69இல் 35 போனால் 34. அதை 38 ஆல் பெருக்கிப் பாருங்கள். 1,200 கிலோவுக்கு மேல் காகிதத்தில் இருந்து காணாமல் போய்விட்டது! ஏறக்குறைய ஒரு கார் அளவுக்கு எடையை, அது இருப்பதே தெரியாமல் விமானம் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது.

எப்படித் தப்பித்தார்கள்? தோவாளையில் பூ வாங்கினால் முடிவில் ஒரு கை அள்ளிக் கொசுறு போடச் சொல்லிக் கேட்போம் இல்லையா? விமானக் கணக்கிலும் கொசுறு உண்டு. ஓர் எஞ்சின் நின்றுபோனாலும் சமாளிக்க வேண்டும் என்று வேகத்தையும் ஓடுபாதையையும் எப்போதும் கொஞ்சம் தாராளமாகத்தான் கணக்கில் வைப்பார்கள். அந்தக் கொசுறு அன்றைக்குக் கை கொடுத்தது. 2021ஆம் ஆண்டு இங்கிலாந்தின் விபத்து விசாரணைப் பிரிவு இந்தக் கதையை அறிக்கையாக வெளியிட்டது. உங்கள் பள்ளியில் ஆசிரியையை 'மிஸ்' என்று கூப்பிடுகிறீர்களே, அந்த மிஸ்ஸிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். முப்பத்தைந்து கிலோ என்றால் எந்த மிஸ்ஸும் கோபித்துக்கொள்ள மாட்டார்!

அந்தக் காலத்தில் எல்லோரும் மல்லிகைதான்

விமானப் பயணம் தொடங்கிய காலத்தில் இந்த உத்தேசம் எல்லாம் கிடையாது. 1920, 1930களில் லண்டன் கிராய்டன் விமான நிலையத்தில், பெட்டியோடு பயணியையும் தராசில் ஏற்றி நிறுத்தார்கள். கோட்டு, தொப்பி போட்ட துரைமார்களும் தராசில் ஏறித்தான் ஆக வேண்டும்.

நம் பக்கத்திலும் முதலில் பறந்தது எடை போட்ட சரக்குதான். 1932இல் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியில் இருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டையோடு விமானம் ஓட்டிக்கொண்டு வந்தார். 1935இல் டாட்டாவின் தபால் விமானம் திருவனந்தபுரத்துக்கும் வந்துவிட்டது. அப்போது தோவாளை எந்த ஊரோடு இருந்தது தெரியுமா? திருவிதாங்கூர் சமஸ்தானத்தோடு! 1956 நவம்பர் 1ஆம் தேதிதான் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது. ஆக, 1935இல் திருவனந்தபுரத்தில் விமானம் இறங்கியபோது, தோவாளைக்காரர்களுக்கு அது சொந்தத் தலைநகரில் இறங்கிய விமானம்.

இன்றும் மனிதர்களைத் தராசில் ஏற்றும் இடங்கள் உண்டு. கேதார்நாத் கோயிலுக்கு ஹெலிகாப்டரில் போகிறவர்கள் முதலில் எடை மெஷினில் ஏறி நிற்க வேண்டும். ஐந்தாறு பேர் மட்டும் போகும் ஹெலிகாப்டர். இரண்டு பைக் கதை ஞாபகம் இருக்கிறதா? உத்தேசம் இங்கே உதவாது. அதோடு அந்தக் கோயில் 3,500 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று அடர்த்தி குறைவு. விசிறி எவ்வளவு சுற்றினாலும் தள்ளுவதற்குக் காற்று வேண்டுமே! கூடுதல் எடைக்குக் கூடுதல் கட்டணம் வாங்கியதும் உண்டு.

சிம்லாவில் நடந்தது இன்னும் விசேஷம். மலை உச்சியைச் சீவி அமைத்த விமான நிலையம் அது. ஓடுபாதை மிகவும் சின்னது. 2017இல் டெல்லிக்கும் சிம்லாவுக்கும் 48 பேர் உட்காரும் விமானத்தை விட்டார்கள். போகும்போது 35 பேர் வரை ஏற்றினார்கள். திரும்பும்போது? 15 பேர் அளவுக்குத்தான்! மீதி இருக்கைகள் காலி. இடம் இல்லாமல் இல்லை. அந்த உயரத்தில், அந்தச் சின்ன ஓடுபாதையில் அதற்கு மேல் எடையைத் தூக்க முடியாது.

அவ்வளவு தூரம் எதற்கு? நம் தூத்துக்குடி வாகைக்குளம் விமான நிலையத்தின் ஓடுபாதையும் பல ஆண்டுகள் சுமார் 1,350 மீட்டர்தான் இருந்தது. அதனால் ஏ.டி.ஆர். என்னும் விசிறி வைத்த சிறிய விமானங்களைத்தான் விட்டார்கள். ஓடுபாதையை 3,115 மீட்டராக நீட்டும் பெரிய திட்டத்தோடு, 2025 ஜூலையில் அங்கே புதிய முனையம் திறக்கப்பட்டது.

பட்டியல் மறுபடியும் பழசாகிவிடாமல் இருக்க, சில நிறுவனங்கள் அவ்வப்போது பயணிகளிடமே கேட்டு எடை போட்டுப் பார்க்கின்றன. 2023இல் ஏர் நியூசிலாந்து நிறுவனம், ஆக்லாந்தில் இருந்து வெளிநாடு போகும் பயணிகளில் 10,000 பேருக்கு மேல் எடை போட்டது. விருப்பம் இருந்தால் ஏறலாம். எடையைக் காட்டும் எண் பலகை கண்ணில் படாது, பெயரும் எழுத மாட்டார்கள். எண் நேராகக் கணினிக்குள் போய்விடும். பின்லாந்தின் ஃபின்ஏர் நிறுவனமும் 2024இல் இதே வேலையைச் செய்தது. தெரியாத ஆயிரம் பேரை எடை போட்டால் சராசரி கிடைத்துவிடும். யாருடைய எடை எது என்று தெரிய வேண்டியதே இல்லை.

ஒரு கபடிக் குழு மொத்தமாக ஒரு சின்ன விமானத்தில் ஏறினால்? அப்போது சராசரிப் பட்டியலைத் தூர வைத்துவிட வேண்டும். எல்லோருமே கனமான பைகள்! விளையாட்டு வீரர்கள், ராணுவ வீரர்கள் மாதிரி கூட்டமாக வருகிறவர்களுக்கு உண்மையான எடையைப் பார்க்க வேண்டும் என்று பல நாட்டு விதிகள் சொல்கின்றன. சிறுவர் குழு என்றால் வேறு மாதிரி. உங்கள் பள்ளி மொத்தமும் சுற்றுலா கிளம்பினால் காகிதக் கணக்கு எந்தப் பக்கம் தப்பாகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். எட்டாம் வகுப்பில் 13 வயதுப் பிள்ளைகள் எத்தனை பேர் 75 கிலோ இருக்கிறீர்கள்?

தூத்துக்குடியில் இருந்து ஏ.டி.ஆர். விமானத்தில் சென்னைக்குப் போகும் நாள் உங்களுக்கும் வரும். விமானத்தில் பாதி இடம் காலி. நீங்கள் முன்னால் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, வெளியே உப்பளத்தைப் பார்க்கலாம் என்று ஆசையாக இருக்கிறீர்கள். அப்போது விமானப் பணிப்பெண் வந்து, கொஞ்சம் பின்னால் போய் 15ஆவது வரிசையில் உட்காருங்கள் என்று கேட்பார். தம்பிக்கு அழுகை வரும். அப்பாவுக்குக் கோபம் வரும், காசு கொடுத்து இந்தச் சீட்டை வாங்கியிருக்கிறேனே என்பார்.

நீங்கள் அப்பா காதில் மெதுவாகச் சொல்லுங்கள், டி.வி.எஸ். 50 மூட்டை என்று. சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு 15ஆவது வரிசைக்கு நடங்கள். உப்பளம் அங்கே இருந்தும் தெரியும்.